ஏ, பி பெடல் சேர்த்து மிதித்தால் 4ஆம் கம்பி இறங்குகிறது. எது வளைகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தெக்கத்தியான்:

வணக்கம். ஹூஸ்டனில் ஒரு கன்ட்ரி குழுவில் பெடல் ஸ்டீல் (காலில் பெடலும் முழங்காலில் லீவரும் வைத்துக் கம்பிகளின் சுருதியை மாற்றும் கிட்டார்) வாசிக்கிறேன். சில மாதங்களுக்கு முன் பழைய கிட்டார் ஒன்று வாங்கினேன். ஒற்றைக் கழுத்து, 10 கம்பி, ஈ9 ட்யூனிங், மூன்று பெடல், நான்கு முழங்கால் லீவர், எம்மன்ஸ் செட்டப் (பெடல்கள் இடமிருந்து ஏ, பி, சி வரிசையில்). சேஞ்சர் (புல் ராடு எனும் இரும்புத் தண்டு இழுக்க, கம்பிகளை ஏற்றி இறக்கும் வலப்பக்கப் பொறி) ஆல்-புல் வகை, உடல் மேப்பிள் மரம். தயாரித்தவர் பெயர் வேண்டாம். குரல் அவ்வளவு இனிமை, அதனால்தான் இதை விற்க மனம் வரவில்லை.

பிரச்சினை இதுதான். பெடலைத் தொடாமல் வாசிக்கும்போது சுருதி சுத்தமாக இருக்கிறது. ஏ, பி இரண்டையும் மிதித்து ஈ கார்டிலிருந்து ஏ கார்டுக்குப் போனதும் காதில் உறுத்துகிறது. ட்யூனரை மாட்டிப் பார்த்தேன். அந்தப் பெடல்கள் 4ஆம் கம்பியையும் 8ஆம் கம்பியையும் தொடவே கூடாது, ஆனால் மிதித்தவுடன் 4ஆம் கம்பி 7 சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) இறங்குகிறது, 8ஆம் கம்பி 9 சென்ட். காலை எடுத்தால் இரண்டும் பழைய இடத்துக்கே வந்துவிடுகின்றன. ஈ கம்பிகளை எஃப்-க்கு ஏற்றும் லீவரைத் தள்ளினாலும் மற்ற கம்பிகள் கொஞ்சம் இறங்குகின்றன. அதே கம்பிகளை அரை சுரம் இறக்கும் லீவரைத் தள்ளினால் மற்றவை சற்று ஏறுகின்றன, இது எனக்கு விளங்கவே இல்லை. இன்னொன்று, அந்த இறக்கும் லீவரை விட்ட பிறகு 8ஆம் கம்பி பழைய இடத்துக்கு வராமல் 3, 4 சென்ட் மேலேயே நின்றுவிடுகிறது. எஃப்-க்கு ஏற்றும் லீவரை ஒரு தடவை தள்ளி விட்டால் சரியாகிறது.

குழுவில் கிட்டார் வாசிப்பவருக்கு இது கேட்கவில்லையாம். ஃபிடில் வாசிப்பவர் முதல் பாட்டிலேயே திரும்பிப் பார்த்தார். விசாரித்தால் ஒருவர் கம்பி மாற்று என்கிறார், ஒருவர் அடியில் இரும்புப் பட்டை அடி என்கிறார், ஒருவர் விற்றுவிடு என்கிறார். எது வளைகிறது என்று தெரியாமல் எதையும் செய்ய எனக்கு விருப்பமில்லை. கிட்டாரைப் பிரிக்காமலே கண்டுபிடிக்க வழி இருக்கிறதா? எத்தனை சென்ட் வரை இயல்பு?

பட்டறைவாசி:

நீங்கள் எழுதியதில் இரண்டு வேறு கோளாறுகள் கலந்திருக்கின்றன, முதலில் அவற்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். மிதிக்கும்போது இறங்கி, விட்டதும் பழைய இடத்துக்கே வருவது வளைவு. இங்கே எல்லோரும் கேபினெட் டிராப் என்று சொல்வது அதைத்தான். விட்ட பிறகும் திரும்பாமல் நிற்பது உராய்வு, நட் ரோலரிலோ (கீ பக்கம் கம்பி ஏறிப்போகும் சிறு உருளை) சேஞ்சர் ஃபிங்கரிலோ (கம்பியின் மறுநுனியை அசைக்கும் துண்டு) ஏதோ பிடிக்கிறது, அதற்கும் உடல் வளைவுக்கும் சம்பந்தமில்லை. 8ஆம் கம்பி விவகாரத்தை அப்புறம் பார்க்கலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் துரத்தினால் எந்த அளவையும் நம்ப முடியாது.

நல்ல ட்யூனர் வேண்டும். கிளிப் வகை 1 சென்ட் வித்தியாசத்தைக் காட்டத் திணறும், ஸ்ட்ரோப் வகை இருந்தால் கேபிளில் நேராகச் செருகுங்கள். கம்பியை ஒவ்வொரு முறையும் ஒரே பலத்தில் மீட்டுங்கள், பலமாக மீட்டினால் தொடக்கத்தில் சுருதி மேலே போய்விட்டு வரும். ஏ மட்டும், பி மட்டும், இரண்டும் சேர்த்து, ஒவ்வொரு லீவர், இப்படி எல்லாவற்றுக்கும் மிதிபடாத கம்பிகள் எவ்வளவு நகர்கின்றன என்று ஒரு தாளில் குறியுங்கள். சேர்த்து மிதித்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது.

அப்புறம் இந்தச் சோதனை. இதற்கு ஸ்க்ரூ டிரைவர்கூட வேண்டாம். பெடலைத் தொடாமல், 5ஆம் கம்பியையும் 10ஆம் கம்பியையும் ட்யூனிங் கீயைத் திருப்பியே சி ஷார்ப்புக்கு ஏற்றுங்கள். ஏ பெடல் செய்யும் வேலையை இப்போது கீ செய்கிறது, கம்பி எப்படியும் அந்த இழுவைக்குப் பழகியதுதான், அறுந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். கொஞ்சம் நிலைக்க விட்டு 4ஆம் கம்பியைப் பாருங்கள். அடுத்து 3, 6 இரண்டையும் அதே மாதிரி ஏ-க்கு ஏற்றிவிட்டுப் பாருங்கள். இப்போது கிடைக்கும் இறக்கம் முழுக்க முழுக்கக் கம்பிகளின் இழுவை கூடியதால் வந்தது. பெடல் மிதித்தபோது வந்த எண்ணிலிருந்து இதைக் கழித்தால் மிஞ்சுவது மெக்கானிசத்தின் பங்கு. கழித்த பிறகு பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை என்றால் அந்த உடலின் விறைப்பே அவ்வளவுதான். மிஞ்சினால் சந்தோஷப்படுங்கள், ஏனென்றால் அது பெரும்பாலும் சரிசெய்யக்கூடியது.

மூன்றாவது, கால் பலம். பெடலை மெதுவாக, நிற்கும் இடம் வரை மட்டும் அழுத்தி 4ஆம் கம்பியைப் பாருங்கள். அங்கிருந்து இன்னும் பலமாக மிதியுங்கள். 5ஆம் கம்பி ஏறுவதை நிறுத்திய பிறகும் 4ஆம் கம்பி இறங்கிக்கொண்டே போனால், உங்கள் காலின் கூடுதல் பலம் பெடல் ராடு வழியாக உடலைக் கீழே இழுக்கிறது. பெடலை நிறுத்தும் ஸ்டாப் சில கிட்டார்களில் உடலுக்கு அடியில், பெடலின் இழுவையைப் புல் ராடுக்குக் கடத்தும் கிராங்க் பக்கம் இருக்கும், அப்படியானால் மிதிக்கும் கூடுதல் பலம் முழுக்க மரத்தின் தலையில் விழும். இன்னொரு சாத்தியம், யாரோ புல் ராடின் நுனியில் சுருதி அமைக்கும் நைலான் நட்டை மிகையாக முடுக்கி, பெடல் தன் ஸ்டாப்பைத் தொடும் முன்பே சேஞ்சர் ஃபிங்கர் கடைசி வரை போய் முட்டும்படி வைத்திருப்பது. பழைய கிட்டார்களில் நான் அடிக்கடி பார்ப்பது இது. அப்போது மிதிக்கிற பலம் அத்தனையும் சேஞ்சரை இழுக்கும், 10 சென்ட்டுக்கு மேல்கூட இறங்கும்.

இயல்பு எவ்வளவு என்று கேட்டீர்கள். ஏ, பி சேர்த்து மிதித்தால் 4ஆம் கம்பியில் 2 முதல் 4 சென்ட் வரை இருந்தால் நான் ஸ்க்ரூ டிரைவரை எடுக்க மாட்டேன். 7 என்றால் எங்கோ ஏதோ தளர்ந்திருக்கிறது.

சுமைதாங்கி:

நான் கட்டடப் பொறியாளன், ஸ்டீல் வாசிப்பது மாலை நேரங்களில். லீவரால் ஈ கம்பிகளை இறக்கினால் மற்றவை ஏன் ஏறுகின்றன என்று கேட்டிருந்தீர்கள், அதற்குப் பதில் கிடைத்தால் மற்றதும் விளங்கும்.

ஒவ்வொரு கம்பியும் ஏறக்குறைய 11 முதல் 14 கிலோ இழுவையில் இருக்கிறது, பத்தும் சேர்ந்தால் 100 கிலோவுக்கு மேல். இந்த இழுவை உடலின் மேல்தளத்துக்கும் மேலே ஓடுகிறது, அதனால் இரண்டு நுனிகளும் மேல்நோக்கிச் சுருளப் பார்க்கின்றன. கம்பியை ஒரு முழுச் சுரம் ஏற்ற இழுவை சுமார் 26 சதவீதம் கூட வேண்டும், அரைச் சுரத்துக்கு 12 சதவீதம். ஏ பெடல் இரண்டு கம்பிகளை முழுச் சுரம் ஏற்றுகிறது, பி இரண்டு கம்பிகளை அரைச் சுரம். மொத்தமாகக் கணக்குப் பார்த்தால் 9 கிலோ அளவுக்குப் புதுச் சுமை. உடல் அந்தச் சுமைக்குக் கொஞ்சம் குனிந்து கொடுக்கிறது, நுனிகள் நெருங்குகின்றன, தொடப்படாத கம்பிகள் தளர்ந்து இறங்குகின்றன. ஈ கம்பிகளை இறக்கும்போது சுமை சுமார் 3 கிலோ குறைகிறது, உடல் நிமிர்கிறது, மற்றவை ஏறுகின்றன. அவ்வளவுதான். உங்கள் கிட்டார் விநோதமாக எதுவும் செய்யவில்லை.

எவ்வளவு வளைகிறது என்று தெரிந்தால் ஆச்சரியப்படுவீர்கள். 4ஆம் கம்பி 7 சென்ட் இறங்க, இரு முனைகளும் ஏறக்குறைய 0.03 மில்லிமீட்டர் நெருங்கினால் போதும். தலைமுடியின் பருமனில் பாதிகூட இருக்காது. கண்ணால் பார்த்து, கையால் தடவிக் கண்டுபிடிக்க முடியாத அளவு இது, அதனால்தான் பட்டறைவாசி சொல்வதுபோல் ட்யூனரையே அளவுகோலாக வைத்துக்கொள்ள வேண்டும்.

அவர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எல்லாக் கம்பியும் ஒரே அளவு இறங்காது. சுற்று இல்லாத வெறுங்கம்பியில், சுருதி தாழ்வாக இருக்க இருக்க அது வளைவுக்கு அதிகமாக அசையும். 3ஆம் கம்பியும் 6ஆம் கம்பியும் ஒரே சுரம், ஒரு ஸ்தாயி வித்தியாசம். ஒரே வளைவுக்கு 6ஆம் கம்பி 3ஆவதைவிட நான்கு மடங்கு இறங்கும். பருமன் மாற்றினாலும் இந்தக் கணக்கு மாறாது, ஏனென்றால் வெறுங்கம்பியில் சுருதியும் நீளமும் ஒன்றாக இருந்தால் எஃகின் மீதுள்ள அழுத்தமும் ஒன்றுதான். சுற்றுக் கம்பியில் இழுவையைத் தாங்குவது உள்ளே இருக்கும் மெல்லிய எஃகு மட்டும், அதனால் அதன் கணக்கு வேறு.

இதை வைத்து ஒரு சோதனை செய்யலாம். ஏ பெடலை மட்டும் மிதியுங்கள். முழு உடலும் வளைகிறது என்றால் 4ஆம் கம்பி 4 சென்ட் இறங்கும்போது 1ஆம் கம்பி 3, 8ஆம் கம்பி 5, 6ஆம் கம்பி 10 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். 5ஆம் கம்பிக்குப் பக்கத்தில் இருக்கும் 4, 6 இரண்டு மட்டும் இந்த விகிதத்துக்கு மேல் இறங்கி, 1ஆம் கம்பி அசையாமல் இருந்தால், சேஞ்சரின் அச்சு நடுவில் வளைகிறது. ஏற்றும்போது கம்பி மேலே இடப்பக்கம் இழுக்கிறது, புல் ராடு கீழே அதே இடப்பக்கம் இழுக்கிறது, இரண்டையும் தாங்குவது அந்த ஒரே அச்சு. எல்லோரும் மரத்தையே குறை சொல்கிறார்கள், அச்சையும் சேஞ்சர் பிடிமானத்தையும் பார்ப்பவர்கள் குறைவு.

காந்தாரம்:

மேலே இரண்டு பேரும் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் ஸ்க்ரூவைத் தொடும் முன், உறுத்துவது உண்மையிலேயே வளைவுதானா என்று பாருங்கள்.

ஈ9-இல் 3, 6 கம்பிகள் திறந்த கார்டின் காந்தாரம். ட்யூனர் பூஜ்யம் காட்டும் இடத்தில் அதை வைத்தால் கூர்மையாக ஒலிக்கும். தம்பூராவில் யாரும் மீட்டாமலே கேட்கும் அந்தர காந்தாரம் ட்யூனரின் பூஜ்யத்துக்கு 14 சென்ட் கீழே இருக்கிறது, பெரும்பாலான ஸ்டீல் வாசிப்பாளர்கள் காதால் அந்தப் பக்கம்தான் போகிறார்கள். ஏ, பி மிதித்ததும் கணக்கு மாறுகிறது: 3, 6 இப்போது ஷட்ஜம், 5, 10 காந்தாரம், நீங்கள் புகார் சொல்லும் 4, 8 பஞ்சமம். பஞ்சமம் 7, 8 சென்ட் இறங்கினால் யாருக்கும் கேட்கும், உங்கள் ஃபிடில் நண்பர் திரும்பிப் பார்த்தது நியாயம்தான். கிட்டார் நண்பருக்குக் கேட்காததிலும் ஆச்சரியமில்லை, ஃபிரெட் வைத்த கிட்டாரில் 14 சென்ட் கூடின காந்தாரத்தோடு அவர் காலம் தள்ளுகிறார்.

இரண்டு விஷயம் செய்யுங்கள். ஏ பெடலின் சி ஷார்ப்பை ஏ மட்டும் மிதித்து ட்யூன் செய்யாதீர்கள், ஏ, பி இரண்டையும் மிதித்த நிலையில் செய்யுங்கள், ஏனென்றால் பி மிதித்ததும் சி ஷார்ப்பும் கொஞ்சம் இறங்கும், பாட்டில் அதிகம் வருவது அந்தக் கார்டுதான். அடுத்தது, ஈ கம்பிகளைத் திறந்த நிலையில் கொஞ்சம் மேலே வையுங்கள். இங்கே பலர் ட்யூனரின் ஏ-வை 440-க்குப் பதில் 442 என்று மாற்றி ஈ-யை வைப்பதற்கு இந்த இறக்கமும் ஒரு காரணம். 442 என்றால் ஏறக்குறைய 8 சென்ட் மேலே, அதில் கால்வாசி போதும். மிதிக்காதபோது 2 மேலே, மிதித்தால் 2 கீழே என்று பிரித்துவிட்டால் 4 சென்ட் இறக்கம் எந்தக் காதையும் உறுத்தாது. 7 சென்ட்டை இப்படி மறைக்க முடியாது, அதற்குப் பட்டறைவாசி சொன்னபடி காரணத்தைத்தான் தேட வேண்டும்.

தெக்கத்தியான்:

எல்லோருக்கும் நன்றி. சொன்னபடி எல்லாம் செய்து பார்த்தேன்.

ஏ மட்டும் மிதித்தால் 4ஆம் கம்பி 4 சென்ட் கீழே, பி மட்டும் என்றால் 3. கீயைத் திருப்பி 5, 10 இரண்டையும் ஏற்றினால் 4ஆம் கம்பி 1.5 தான் இறங்குகிறது, 3, 6 இரண்டையும் ஏற்றினால் இன்னும் 1. ஆக 7-இல் 2.5 தான் கம்பி இழுவையின் பங்கு, மீதி 4.5 மெக்கானிசம். மெதுவாக மிதித்தாலும் பலமாக மிதித்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை, அரை சென்ட் இருக்கலாம். ஏ மட்டும் மிதிக்கும்போது 1ஆம் கம்பி 3, 8ஆம் கம்பி 5, 6ஆம் கம்பி 10. சுமைதாங்கி எழுதிய விகிதம் அப்படியே வந்தது, எனக்கே நம்ப முடியவில்லை.

அப்படியானால் அச்சு நடுவில் வளையவில்லை, காலும் காரணமில்லை, கம்பி இழுவையும் பாதிக்குக் கீழேதான். மிஞ்சுவது சேஞ்சரா?

பட்டறைவாசி:

அருமையான அளவு. ஆமாம், சேஞ்சர்தான், அதுவும் அதன் பிடிமானம். கீயில் ஏற்றும்போது புல் ராடு சும்மா இருக்கிறது. பெடலில் ஏற்றும்போது ராடு சேஞ்சரை இடப்பக்கம் இழுக்கிறது. சேஞ்சர் முழுவதுமாக இடப்பக்கம் நகர்ந்தால் எல்லாக் கம்பியும் அதே விகிதத்தில் இறங்கும், பார்ப்பதற்கு உடல் வளைவு மாதிரியே இருக்கும். இந்த இடத்தில்தான் பலர் ஏமாந்து உடலுக்கு இரும்புப் பட்டை அடிக்கிறார்கள்.

கிட்டாரைத் தலைகீழாக நிறுத்தி, சேஞ்சரை உடலோடு பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களைப் பாருங்கள். சில தயாரிப்புகளில் அவை அடியிலிருந்து வரும், சிலவற்றில் சேஞ்சர் எண்ட் பிளேட்டோடு பிடிக்கப்பட்டு, எண்ட் பிளேட் உடலோடு பிடிக்கப்பட்டிருக்கும், அப்படியானால் இரண்டு இடத்தையும் பார்க்க வேண்டும். முடுக்கும் முன் எல்லாக் கம்பியையும் நன்றாகத் தளர்த்திவிடுங்கள். இழுவையோடு முடுக்கினால் சேஞ்சர் சாய்ந்த நிலையிலேயே இறுகிப்போகும். மரத்தில் இறங்கும் ஸ்க்ரூவை மூர்க்கமாகத் திருகாதீர்கள். திருகத் திருக இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் துளை தேய்ந்துவிட்டது என்று பொருள், அதற்குக் கடினமரக் குச்சியை ஒட்டி, காய்ந்த பிறகு புதிதாகத் துளையிட வேண்டும். பசையை மட்டும் ஊற்றி ஸ்க்ரூவை இறக்குவது வேண்டாம், அடுத்தவர் கழற்றும்போது மரம் பிய்ந்து வரும். அதே கையோடு கீஹெட் (ட்யூனிங் கீகள் இருக்கும் முனை) ஸ்க்ரூ, கழுத்தைப் பிடிக்கும் ஸ்க்ரூ, நான்கு மூலை, கால் மாட்டும் சாக்கெட், பெடல் பாரின் பிடி எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். கால்கள் கடைசி வரை ஏறியிருக்கின்றனவா என்பதும் முக்கியம், பலர் நிகழ்ச்சி அவசரத்தில் முக்கால்வாசி திருகிவிட்டு விட்டுவிடுகிறார்கள்.

அந்த 8ஆம் கம்பி: இறக்கிவிட்டு விட்டால் மேலே நிற்கிறது, ஏற்றிவிட்டு விட்டால் சரியாகிறது என்றால் முதலில் நட் ரோலரைப் பாருங்கள். கம்பியைக் கழற்றி ரோலரை விரலால் சுற்றுங்கள், சுற்றவில்லை என்றால் அதன் அச்சைத் துடைத்து ஒரு துளி மெல்லிய எண்ணெய். பழைய எண்ணெயும் தூசியும் சேர்ந்து பிசின் மாதிரி ஆகியிருக்கும், அதைத் துடைக்காமல் மேலே புது எண்ணெய் விட்டால் இன்னும் மோசமாகும். ரோலர் சரியாக இருந்தால் சேஞ்சரில் அந்தக் கம்பியின் ஃபிங்கர் எங்காவது பிடிக்கிறதா என்று பாருங்கள்.

மெதுநடை:

நான் கொஞ்சம் வேறு கருத்து. ஸ்க்ரூவை முடுக்குவது சரி, ஆனால் பூஜ்யம் வரும் வரை துரத்தாதீர்கள். பெடல் ஸ்டீலில் ஒரு சுரம் நகர, பக்கத்துச் சுரம் நிற்கும், அதில்தான் அதன் அழகு முழுக்க இருக்கிறது. நிற்கும் சுரம் உண்மையிலேயே நிற்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உடல் முழுக்க விறைப்பாக்கி, கனம் ஏற்றி, அந்தக் குரலைக் கொன்ற கிட்டார்களையும் கேட்டிருக்கிறேன். மெல்லிய மேப்பிள் உடல் கொஞ்சம் வளையத்தான் செய்யும்.

முடுக்கிய பிறகும் மிஞ்சினால் காம்பென்சேட்டர் ராடு போடலாம். ஏ பெடலின் கிராங்கிலிருந்து 8ஆம் கம்பிக்கு ஒரு கூடுதல் புல் ராடு, மிதிக்கும்போது இறங்குகிற அளவை மட்டும் ஏற்றிக் கொடுக்கும்படி. 8ஆம் கம்பியை ஏற்ற எஃப் லீவர் ஒன்றுதான் இருக்கிறது, அதனால் சேஞ்சரில் துளை காலியாக இருக்கும். 4ஆம் கம்பியில் எஃப் லீவரும் சி பெடலும் ஏற்கெனவே ஏற்றுகின்றன, ஆகவே அந்தக் கம்பிக்கு மூன்றாவது துளை உள்ள சேஞ்சர் வேண்டும், உங்களுடையதில் இருக்கிறதா பாருங்கள்.

பட்டறைவாசி:

குரல் பற்றிச் சொன்னது சரிதான். ஆனால் காம்பென்சேட்டரைக் கடைசிக் கட்டத்துக்கு வையுங்கள். தளர்ந்த சேஞ்சரோடு அதைப் போட்டால் இன்று சரியாக இருக்கும், ஸ்க்ரூ இன்னும் தளர்ந்ததும் மறுபடி பொருந்தாது. கூடுதல் ராடு என்றால் கூடுதல் உராய்வும் உண்டு, 8ஆம் கம்பியில் ஏற்கெனவே ஒரு உராய்வுத் தொல்லை இருக்கிறது, அதைத் தீர்க்காமல் இன்னொன்றைச் சேர்க்க வேண்டாம்.

தெக்கத்தியான்:

வாரக் கடைசியில் உட்கார்ந்து எல்லாம் பார்த்தேன். சேஞ்சரின் பின்பக்க ஸ்க்ரூக்கள் தளர்ந்திருந்தன, ஒன்று கிட்டத்தட்ட அரைச் சுற்று திரும்பியது, ஆனால் நன்றாகவே இறுகியது, துளைக்கு ஒன்றும் ஆகவில்லை. கம்பிகளைப் புதிதாக மாட்டி, நிலைக்க விட்டு, அப்புறம்தான் அளந்தேன். ஏ, பி சேர்த்து மிதித்தால் 4ஆம் கம்பி இப்போது 3.5 சென்ட், 8ஆம் கம்பி 4.5. கீயை வைத்து அளந்த 2.5-க்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிட்டது, இதற்கு மேல் இந்த உடலிடம் கேட்கப் போவதில்லை. ஈ கம்பிகளை 2 சென்ட் மேலே வைத்தேன், சி ஷார்ப்பை இரண்டு பெடலோடும் ட்யூன் செய்தேன். 8ஆம் கம்பியின் ரோலர் உண்மையிலேயே பிசினில் சிக்கியிருந்தது, துடைத்ததும் இருபக்கமிருந்தும் ஒரே இடத்துக்குத் திரும்புகிறது.

ஒன்று மட்டும் மிஞ்சுகிறது. ஏ பெடலை மட்டும் மிதித்து சி ஷார்ப் மைனர் வாசிக்கும்போது 6ஆம் கம்பி இன்னும் 5 சென்ட் இறங்குகிறது. இந்தக் குழுவில் மெதுவான பாட்டு அதிகம், அந்தக் கார்டில் நிறைய நேரம் நிற்கிறேன். 6-இல் இப்போது .022 அங்குல வெறுங்கம்பி. .020 போட்டால் குறையுமா?

சுமைதாங்கி:

.020 போட்டால் பெடல் கொஞ்சம் இலகுவாகும், மொத்த இழுவையும் குறையும், ஆனால் 6ஆம் கம்பியின் இறக்கம் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். வெறுங்கம்பியில் பருமன் அதன் அசைவை மாற்றாது.

குறைக்க வேண்டும் என்றால் .022 சுற்றுக் கம்பி போடுங்கள். உள்ளே இருக்கும் எஃகு மெல்லியது, அதே இழுவை குறைந்த எஃகில் விழுவதால் அது ஏற்கெனவே நன்றாக நீண்டிருக்கும், 0.01 மில்லிமீட்டர் நெருங்கினால் அதற்கு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் அதே காரணத்தால் பி பெடல் அதை அரைச் சுரம் ஏற்ற அதிக தூரம் இழுக்க வேண்டியிருக்கும். 3ஆம் கம்பியும் அதே பெடலில் இருப்பதால் இரண்டும் ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே நேரத்தில் முடியும்படி கிராங்கில் 6ஆம் கம்பியின் ராடை வேறு துளைக்கு மாற்ற நேரிடலாம், சேஞ்சர் பக்கத் துளையும் சேர்த்துப் பாருங்கள். 6ஆம் கம்பியை எஃப் ஷார்ப்புக்கு இறக்கும் லீவர் உங்களிடம் இருந்தால் கம்பி வாங்கும் முன் இன்னொரு தடவை யோசியுங்கள், சுற்றுக் கம்பியில் அந்த முழுச் சுரத்தையும் இறக்க பல சேஞ்சர்களில் தூரம் போதாது. லீவர் இல்லை என்றால் தாராளமாகப் போடலாம்.

மாற்றிய பிறகு பி பெடலின் 6ஆம் கம்பியை ஏ-யும் சேர்த்து மிதித்து ட்யூன் செய்துவிட்டு, பி மட்டும் மிதித்து எவ்வளவு மேலே நிற்கிறது என்று பாருங்கள். வெறுங்கம்பியில் அது 5 சென்ட் அளவுக்கு இருந்திருக்கும். அந்த எண்ணையும் இங்கே எழுதுங்கள், கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆசையாக இருக்கிறது.